கன்னத்தில் கோடு இல்லாத படம்

நீங்கள் இப்போது பேரப்பிள்ளைகளுக்குப் பென்சிலைப் பெட்டி பெட்டியாக வாங்கிக் கொடுக்கிறீர்கள். அதுகள் ஒரே வாரத்தில் சீவித் தள்ளிவிட்டு அடுத்த பெட்டிக்கு அழுகிறதுகள். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். என்னோடு படித்த உங்களுக்கு நினைவிருக்கும், நமக்குச் சிலேட்டும் குச்சியும்தான். எச்சிலைத் தொட்டு அழித்தால் நேற்றைய பாடமும் போச்சு, ஓரத்தில் வரைந்த காக்காயும் போச்சு.

எனக்குப் பென்சில் கிடைத்தது டில்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்கு முடிசூட்டு நடந்த சமயம். பாளையங்கோட்டையில் நம் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். வேதபாடத்தில் முதல் மூன்று பேருக்கு ஆளுக்கொரு பென்சிலும் கொடுத்தார்கள். நான் மூன்றாவது. சிவப்புச் சாயம் பூசியது. சீவினால் ஒரு மர வாசனை வரும், அந்த வாசனை இந்த ஊர் மரம் எதற்கும் கிடையாது. இரவில் தலையணைக்கடியிலும் பகலில் பின்னலுக்குள்ளும் அதைச் செருகி வைத்திருந்தேன். மூன்று மாதத்தில் பாதியானது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அந்தப் பயத்தில் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். தேவையில்லாத கோடு ஒன்றுகூடப் போடக் கூடாது. முதுகுக்கு ஒரு கோடு போதுமென்றால் இரண்டாவது கிடையாது. கோழிக்கு நாலு கோடு. எங்கள் கோயிலில் பைபிள் போதிக்கிற உபதேசியாருக்குக் குடைக்கு ஒன்று, தொப்பைக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, ஆக மூன்று. மிச்சத்தைப் பார்க்கிறவர் கண்ணே போட்டுக்கொள்ளும். அதை யாரும் கலை என்று நினைக்க வேண்டாம், சுத்தக் கஞ்சத்தனம். அப்பா அந்த உபதேசியார் படத்தைக் கண்டுபிடித்து முதலில் வாய்விட்டுச் சிரித்தார், பிறகு ஞாபகம் வந்ததுபோல ஸ்கேலால் முழங்கையில் இரண்டு போட்டார். அப்பா பையன்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சிரிப்பும் அடியும் அவருக்கு ஒன்றின் பின் ஒன்றாக வரும்.

அம்மா எனக்கு நினைவு தெரியுமுன்பே இறந்துவிட்டாள். வீட்டை நடத்தியது அப்பாவின் அக்கா, என் அத்தை. என்னை வளர்த்தது என் அக்கா. அப்போது எனக்குப் பதினொன்று, அக்காவுக்குப் பதினெட்டு. சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கப் போய்வந்துகொண்டிருந்தாள். என் கை சும்மா இருக்காது என்றால் அவளுக்குக் கால் சும்மா இருக்காது. சோறு தின்னும்போதுகூட ஒரு குதிகால் தரையில் படாது. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் கழுத்து நீண்டுவிடும்.

"ஒருத்திக்குக் கை நிக்காது, ஒருத்திக்குக் கால் நிக்காது. ரெண்டு பிசாசுகள வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?" என்று அத்தை நாளுக்கு நாலு தரம் சொல்வாள்.

முடிசூட்டுக்கு அடுத்த வருஷம், ஆனி மாதம். அந்தக் காற்றை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேற்கே மலையில் மழை. நமக்கு வெறும் காற்றும் மண்ணும். கதவு அடிக்கும், துணி பறக்கும், சோற்றில் மண் கடிக்கும். ராத்திரி பகல் என்றில்லாமல் வீட்டில் ஏதாவது ஒன்று ஆடிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில்தான் உபதேசியார் குடையைப் பிடிக்க முடியாமல் மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, கொழும்பு மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னார்.

மாப்பிள்ளையின் தாயார் முக்கூடலில் இருந்தாள், விதவை. மகன் கொழும்புத் துறைமுக ஆபீசில் கட்டடங்களுக்குப் பிளான் வரைகிற வேலையில் இருந்தான். கிறிஸ்துமசுக்குத்தான் லீவு. அதற்குள் பெண்ணின் படம் ஒன்று அனுப்பினால் நல்லது என்று கேட்டிருந்தான்.

திருநெல்வேலிப் பாலத்தடியில் போட்டோ பிடிக்கிறவன் இருந்தான். அப்பா ஒரே பேச்சில் மறுத்துவிட்டார்.

"போட்டோ நம்ம கையில வரும், உபதேசியாரே. அந்தக் கண்ணாடித் தகடு யார் கையில இருக்கும்? அவன்கிட்டல்லா இருக்கும்! கண்டவன் கேட்டாலும் எம் பொண்ணு மொகத்த அச்சடிச்சிக் குடுப்பான். வேண்டாம் வே."

பிறகு என் பக்கம் திரும்பினார். வீட்டில் என் கிறுக்கலுக்கு மரியாதை கிடைத்தது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். அச்சுக்கூடத்திலிருந்து தடித்த வெள்ளைத் தாள் ஒன்று கொண்டுவந்து தந்தார். ஒரே தாள். என் பென்சில் அப்போது இரண்டு விரற்கடை இருந்தது.

காலை ஜெபம் முடிந்ததும் அக்காவை ஜன்னலோரம் முக்காலியில் உட்காரவைத்தார்கள். அத்தையின் கட்டம் போட்ட சேலை. தலை குனிந்திருக்க வேண்டும், கை மடியில் இருக்க வேண்டும் என்று அத்தை சட்டம் சொன்னாள். சேலைக் கட்டம் ஒன்று விடாமல் வரவேண்டும் என்று எனக்கும் ஒரு சட்டம். அதற்குள் அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு ஓடினாள். அத்தை போனதும் அக்கா தலையைத் தூக்கிவிட்டாள்.

"ஏளா," என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. "தூத்துக்குடியில சாயங்காலம் கப்பல் ஏறுனா விடிஞ்சதும் கொழும்புல எறங்கிரலாமாம். நெசமா?"

"எனக்கெப்படித் தெரியும்? ஆடாம இரு."

"அங்கன கடலு வீட்டு வாசல்லயே இருக்குமாம்ளா."

"ஒனக்குப் போகணும்னு ஆசையா இருக்கா?"

அக்கா முகம் சிவந்துபோனது. "ஆசையாத்தான் இருக்கு. அத்தைட்ட சொல்லிராத. பொண்ணு ஆசப்படுதான்னு தெரிஞ்சா கேவலமாப் பேசுவாவ. சத்தியம் பண்ணு."

பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். உங்களுக்குத் தெரியும், நமக்கெல்லாம் அப்போது ஒரு நடைமுறை இருந்தது. கல்யாணப் பேச்சு வந்தால் பெண் பேசக் கூடாது. அழுதால் நல்ல பெண், சிரித்தால் கெட்ட பெண். வேண்டும் என்று சொல்லவும் வாயில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாயில்லை.

அவள் ஆடினாள், நான் அவசரப்பட்டேன், காற்று தாளைத் தூக்கியது. ஆற்றிலிருந்து பொறுக்கிவந்த கூழாங்கல்லைத் தாளின் மூலையில் வைத்து அழுத்திக்கொண்டேன். பிடரியில் தொடங்கி இடுப்பு வரை ஒரே கோடு, கையெடுக்காமல் இழுத்தேன். முழங்காலிலிருந்து பாதத்துக்கு ஒன்று. பாதத்தில் குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது, அதை அப்படியே போட்டேன். சேலைக்கு மடிப்பு இரண்டு, கட்டம் ஒன்றுகூடக் கிடையாது. நிழல் விழுந்த பக்கத்துக் கன்னத்தை விரலால் தேய்த்துச் சாம்பல் ஆக்கினேன், அது பென்சில் செலவில்லாத வேலை. ஜன்னல் பக்கத்துக் கன்னத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. வெயில் அடித்த அடியில் கன்னம் எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கோடே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நான் எப்படிக் கோடு போடுவேன்? நெற்றியிலிருந்து தாடை வரை சும்மா விட்டேன்.

அக்காவைத் தாளின் இடது ஓரமாகப் போட்டிருந்தேன். அவள் பார்த்த பக்கம், வலது பாதி முழுவதும், வெறும் வெள்ளை. வேண்டுமென்று யோசித்துச் செய்யவில்லை. அவள் பார்வை போகிறதற்கு இடம் வேண்டும்போலிருந்தது.

அத்தை வந்து பார்த்தாள். "கட்டம் எங்களா? பாதிக் காயிதம் சும்மா கெடக்கு. அங்கன ஒரு பூச்சாடியாவது வரையேன், கூறுகெட்டவளே."

"பென்சில் தீந்துரும்," என்றேன்.

அப்பா மட்டும் வெகுநேரம் பார்த்தார். "அவளேதான்," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. உபதேசியார் படத்தைப் பாமாலைப் புத்தகத்துக்குள் வைத்து முக்கூடலுக்குக் கொண்டுபோனார்.

பத்து நாளில் திரும்பி வந்தார். வழக்கமாக வந்ததும் காப்பி கேட்கிறவர், அன்று கேட்கவில்லை. குடையை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, தப்பா நெனைக்கப்பிடாது. பொண்ணுக்குக் கன்னத்துல வெள்ள படந்திருக்கான்னு அந்தம்மா கேக்காவ."

அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நீரு வாரா வாரம் கோயில்ல பாக்கீருல்லா? நீரு என்ன சொன்னீரு?"

"ஒண்ணும் கெடையாதுன்னு சத்தியம் பண்ணாத கொறையாச் சொன்னேன். 'கூடப் பொறந்த தங்கச்சி வரைஞ்சது. பச்சப் பிள்ள பொய் சொல்லுமா? உள்ளதத்தான வரைஞ்சிருக்கும்'ங்காவ."

நான் கதவோரம் நின்றிருந்தேன். சாம்பல் கன்னம் அந்தம்மாவுக்குத் தோலாகத் தெரிந்திருக்கிறது. சும்மா விட்ட கன்னம் வெண்குஷ்டமாகத் தெரிந்திருக்கிறது. மிச்சத்தைப் பார்க்கிறவர் கண்ணே போட்டுக்கொள்ளும் என்று நம்பினேனே, அவர்கள் கண் அங்கே ஒரு நோயைப் போட்டுக்கொண்டது.

அந்தப் பேச்சு எப்படி ஊருக்குள் வந்தது என்று தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒரு அம்மாள், "மண்ணு ஒட்டியிருக்கும்மா" என்று கட்டைவிரலை எச்சிலில் நனைத்து அக்காவின் கன்னத்தை அழுத்தித் தேய்த்தாள். தேய்த்த விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு டீச்சர் வெண்குஷ்டத்துக்குப் பூசுகிற கார்போகரிசி விழுதை அரைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து, "எதுக்கும் இருக்கட்டும்" என்று அத்தையிடம் கொடுத்தாள். நல்ல மனசோடுதான் கொடுத்தாள். அக்காவைத் தினமும் பார்க்கிற கண்கள்தான் அத்தனையும். பார்க்காத ஒருத்தி சொன்னதும் கண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அத்தையே ஒரு நாள் அவளை வெயிலுக்கு இழுத்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்ததை நான் கண்டேன்.

அக்கா பள்ளிக்கூடம் போகும்போது அந்தக் கன்னத்தைச் சேலைத் தலைப்பால் மூட ஆரம்பித்தாள். மூடியதும் சந்தேகம் உறுதியாயிற்று.

அப்பா இன்னொரு தாள் வாங்கிவந்தார். என் முதுகுக்குப் பின்னால் ஸ்கேலோடு நின்றார்.

"எங்கயும் வெள்ள இருக்கப்பிடாது. கேட்டியா? அடை."

அடைத்தேன். கன்னத்தை அடைத்தேன், கையை அடைத்தேன், சேலைக் கட்டங்களை எல்லாம் போட்டேன். அத்தை கேட்ட பூச்சாடியும் வந்தது. அக்கா அன்று அசையவே இல்லை. குதிகால் தரையில் ஒட்டியிருந்தது, கண் மடியில் இருந்தது. அப்படி அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எழுந்தபோது தாளில் கரி பூசிய யாரோ ஒரு பெண் இருந்தாள். பென்சில் என் நகத்தளவுக்கு வந்துவிட்டது.

அதற்கும் முக்கூடலிலிருந்து பதில் வந்தது. "மொதல்ல வெள்ளையாக் காட்டுனாவ, இப்ப கரியப் பூசி மறைக்காவ" என்று அந்தம்மா சொன்னாளாம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்பே முதல் படத்தை மகனுக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். அவன் கடிதம் ஆடி மாதம் நேராக அப்பாவுக்கு வந்தது.

நடுவீட்டில் அப்பா அதை உரக்கப் படித்தார். அத்தையும் உபதேசியாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அக்காவும் உள்கதவுக்குப் பின்னால் நின்றோம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கடிதம் முழுவதும் எனக்கு ஞாபகமில்லை, ஆனால் இவ்வளவும் அதில் இருந்தது:

"படத்தில் நான் ஒரு குறையும் காணவில்லை. வெளிச்சம் விழுந்த இடத்தைச் சும்மா விட்டிருக்கிறது, அவ்வளவுதான். அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். ஆனால் இந்தப் பெண் உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்து எங்கோ போகப் பார்க்கிறாள். அவள் போக விரும்பும் இடம் இதுதானா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுத வேண்டுகிறேன். படம் என்னிடமே இருக்கட்டும்."

அக்காவின் பிடி இறுகியது. நகம் பதிந்தது.

அப்பா கடிதத்தை மடித்தார். அவருக்குக் கோபம் வந்தால் காது முதலில் சிவக்கும். "எம் பொண்ணு எந்திரிச்சு ஓடப் பாக்காளாம். ஓடுகாலின்னு எழுதுதான் பாத்தீரா?"

"வேண்டாம்னு சொல்லுததுக்கு இது ஒரு சாக்கு," என்றாள் அத்தை. "படத்தையும் வச்சிக்கிட்டானே பாவி. போட்டோக்காரன் கையில இருக்கப்பிடாதுன்னு வரைஞ்சோம். இப்ப எவனோ கையில இருக்கு."

உபதேசியார் மட்டும் மெல்ல இழுத்தார். "ஐயா, கேக்கத்தான சொல்லுதாவ. பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாப்பமே."

"பொண்ணுகிட்ட கேக்கதா? எந்த வீட்ல வே கேக்காவ? கேட்டா அது என்ன கல்யாணம்?"

அக்கா என் காதில் வாயை வைத்தாள். மூச்சு சுட்டது. "நீ போய்ச் சொல்லுளா. நீ சின்னப் பிள்ள, ஒன்ன ஒண்ணும் செய்ய மாட்டாவ. எனக்குச் சம்மதம்னு சொல்லு. சீக்கிரம் சொல்லு." முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

நடுவீட்டுக்குள் இரண்டு அடி வைத்தேன். அப்பா திரும்பினார். என்னைப் பார்த்ததும் எல்லாக் கோபமும் என்மேல் பாய்ந்தது. "ஒன்னாலதான்! எல்லாம் இந்தச் சவத்தாலதான்!" என்று என் பின்னலிலிருந்து அந்தப் பென்சில் துண்டைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்.

இத்தனை வருஷம் நான் யாரிடமும் சொல்லாததை இப்போது உங்களிடம் சொல்கிறேன். நான் வாயைத் திறக்கவில்லை. பயத்தில் என்று நீங்கள் நினைப்பீர்கள், அதுவும் இல்லை. நான் அப்பாவைத் தாண்டி வாசலுக்கு ஓடினேன். பென்சிலைத் தேடினேன்.

காற்று மண்ணை வாரி வாரிப் போட்டுக்கொண்டிருந்தது. நகத்தளவுத் துண்டு. முழங்கால் போட்டு, வேப்பஞ்சருகைக் கிளறி, கோழியை விரட்டி, கண்ணில் மண் விழ விழத் தேடினேன். ஒவ்வொரு நிமிஷமும் உள்ளே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், ஒவ்வொரு நிமிஷமும் இதோ கிடைத்துவிடும் என்று நினைத்தேன். கிடைத்தது. அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அப்பா மேசையில் மைக்கூட்டை மூடிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று பதில் எழுதி முடித்து உறையில் போட்டு உபதேசியார் கையில் கொடுத்துவிட்டிருந்தார். அக்கா கதவுக்குப் பின்னால் அதே இடத்தில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், மூடியிருந்த என் கையைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சம்பந்தம் முறிந்தது. படத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி அப்பா மூன்று கடிதம் போட்டார். படம் வரவில்லை. வெள்ளைப் பேச்சு மட்டும் ஊரில் நின்றுவிட்டது. வந்த ஒன்றிரண்டு இடமும் கன்னத்தைப் பார்க்க வந்த இடம்தான். கடைசியில் யாரும் வரவில்லை. அக்கா சின்னப் பிள்ளைகள் வகுப்பிலேயே இருந்து தலை நரைத்து ஓய்வு பெற்றாள். அவள் கன்னத்தில் கடைசிவரை ஒரு புள்ளி கிடையாது. அப்பா சாகும்போது, "பொண்ணு மானத்தக் காப்பாத்திட்டேன்" என்று சொன்னார். அவர் நல்லவர்தான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

நான் அம்பாசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை பெற்று, இப்போது கை நடுக்கத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்த நடுங்குகிற விரல் இன்றைக்கும் போர்வையில் எதையாவது வரைந்துகொண்டே இருக்கிறது.

போன வருஷம் அக்கா படுக்கையில் விழுந்தபோது பாளையங்கோட்டைக்குப் போய் ஒரு மாதம் கூட இருந்தேன். மறுபடியும் ஆனிக் காற்று. ஒரு பகலில், அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, பென்சில் கதையைச் சொல்லி அழுதேன்.

"தெரியும்ளா," என்றாள். "கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டே ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். நீ கோழிய வெரட்டுதத எல்லாம் பாத்தேன்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தைகூடத் திட்டல?"

"நானுந்தான வாயத் தெறக்கல. எனக்கும் வாய் இருந்துச்சுல்லா." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அந்தப் படம் திரும்பி வரலங்கதுல எனக்கு ஒரு சந்தோசம் உண்டு. நான் போகாட்டி என்ன, அது கப்பலேறிப் போச்சுல்லா."

காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து கதவைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடி வந்து உட்கார்ந்தேன். பிறகு, அந்த வீட்டில் ஐம்பது வருஷமாக ஒருவரும் கேட்காததைக் கேட்டேன்.

"அக்கா, ஒனக்குச் சம்மதமா?"

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. போர்வைக்குள் அவள் குதிகால் மேலே எழும்பியது, நான் பார்த்தேன்.

"சம்மதம்னு எழுதிரு," என்றாள்.

மருந்துச் சீட்டு வந்த உறை ஒன்று கிடந்தது. அதைப் பிரித்து, உட்புறத்தில், என் பையில் கிடந்த பேத்தியின் பென்சிலால் எழுதினேன். கை நடுக்கத்தில் கோடு நெளிந்தது. அவளிடம் காட்டினேன், வாசித்துவிட்டுத் தலையாட்டினாள். அந்த வாரமே போய்விட்டாள். அந்தத் தாள் என் பெட்டியில் இருக்கிறது. விலாசம் எழுத வேண்டிய இடத்தைச் சும்மா விட்டு வைத்திருக்கிறேன்.